கண்ணிலிருந்து தொடங்காதீர்கள்

மங்கா தலை வரைவது பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய காமிக்ஸ் பாணியில், அதாவது மங்கா பாணியில், தலை வரைவது பற்றி வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்கின்றன: கண் அழகாக வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம். பென்சில், ஸ்கேல், ஒரு ஏ4 தாள் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மங்கா முகம் வரைகிறாள். கண்கள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் நெற்றி சப்பையாகிவிடுகிறது, ஒரு நாள் தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்வது?
ஒரு வாசகி, திருநெல்வேலி

மகள் கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறாள் என்று தோன்றுகிறது. ஆசையைத் தூண்டுவது கண்தான், அதனால் எல்லோருமே முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் கண்ணை முடித்துவிட்டால் நெற்றி, தாடை, காது எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதாகிறது. முதலில் மண்டையைப் போட வேண்டும், பிறகு அதற்குள் கண்ணுக்கு இடம் ஒதுக்க வேண்டும். மண்டைக்காக லேசாகப் போடும் இந்த முதல் கோடுகளுக்கு ஜப்பானிய ஓவியர்கள் வைத்திருக்கும் பெயர் 'அதாரி'.

வட்டம் போட காம்பஸ்கூட வேண்டாம். வீட்டில் 2.6 அளவு வளையல் இருந்தால் போதும். அதன் உள்விட்டம் இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 6 செ.மீ. உள்விளிம்பை ஒட்டி எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் சுற்றுங்கள். வட்டத்தின் நடுவே நெடுக்காக ஒரு கோடு, அதை வட்டத்துக்குக் கீழே 2 செ.மீ. நீட்டுங்கள். நீட்டிய கோட்டின் முனைதான் மோவாய். ஆக, உச்சியிலிருந்து மோவாய் வரை தலை 8 செ.மீ. இனி வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு. இது புருவக் கோடு. வட்டத்தின் அடிப்புள்ளியில் மூக்கு நுனி வரும்.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தலை ஒரு பந்து இல்லை. நம் இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியின் இரு பக்கப் பொட்டுகளில் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கங்கள் தட்டையாக இருப்பது தெரியும். அதனால் வட்டத்தின் இடத்திலும் வலத்திலும் 3 மி.மீ. சீவிவிடுங்கள். முகத்தின் அகலம் 5.4 செ.மீ. ஆகும். சீவிய ஓரத்திலிருந்து கோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாய்ந்தபடி இறங்கி, மூக்கு நுனிக்கு ஒரு செ.மீ. மேலே கன்னத்தில் திரும்பி, அங்கிருந்து மோவாயை நோக்கிப் போக வேண்டும். மோவாயை ஊசிமுனையாக்க வேண்டாம். 6 அல்லது 7 மி.மீ. அகலத்துக்கு மழுங்கலாக விடுங்கள்.

கண்ணின் முறை இப்போதுதான் வருகிறது. புருவக் கோட்டிலிருந்து 6 மி.மீ. கீழே மேல் இமை. அதிலிருந்து 15 மி.மீ. கீழே கீழ் இமை. ஒரு கண்ணின் அகலம் 14 மி.மீ., இரண்டு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற இடம். வெளி ஓரங்களில் அரை செ.மீ. மிஞ்சும். இந்த அரை செ.மீ. இல்லாமல் கண் முகத்தின் விளிம்பைத் தொட்டால், தலையே முன்பக்கம் மட்டும் உள்ள முகமூடி போலாகிவிடும். வாய் மூக்குக்கு 7 மி.மீ. கீழே. காது மேல் இமையின் மட்டத்தில் தொடங்கி மூக்கு நுனியின் மட்டத்தில் முடியும். கழுத்து ஒரு பெண்ணுக்கு 2.2 செ.மீ., பையனுக்கு 3 செ.மீ. அகலம். அது தாடைக்கு அடியிலிருந்து வர வேண்டும். மோவாய் முனையிலிருந்து தொங்கினால் ஐஸ் குச்சியில் செருகிய தலை மாதிரி இருக்கும்.

அளவுகளைக் கவனித்தால் ஒன்று புரியும். நிஜ மனிதத் தலையில் கண் சரியாகப் பாதி உயரத்தில் இருக்கும். 8 செ.மீ. தலைக்கு அது 4 செ.மீ. நாம் போட்ட மங்கா தலையில் கண்ணின் நடுப்புள்ளி 4.35 செ.மீ. வெறும் மூன்றரை மி.மீ. தான் இறக்கியிருக்கிறோம். பாணி என்பது இந்த இறக்கமும் கண்ணின் அளவும்தான், மீதியெல்லாம் நிஜ மண்டைதான். மகள் இந்த அதாரியை மட்டும், கண் மூக்கு எதுவும் இல்லாமல், ஒரு தாளுக்கு ஆறு வீதம் பத்து நாள் போடட்டும். அதன் பிறகு வளையலை எடுத்து வைத்துவிட்டு, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையைச் சுழற்றி வட்டம் போடப் பழகட்டும்.

அளவெல்லாம் பார்த்துத்தான் போடுகிறேன். ஆனாலும் ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் மேலே ஏறியும் வந்துவிடுகிறது. சில சமயம் மாறுகண் போலவும் இருக்கிறது.
கல்லூரி மாணவர், ஈரோடு

மூன்று வெவ்வேறு தவறுகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்.

பெரிது சிறிதாவதற்குக் காரணம், ஒரு கண்ணை இமைமுடி வரை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. இரண்டையும் கூடவே வளர்க்க வேண்டும். இடது மேல் இமை, வலது மேல் இமை. இடது கருவிழி, வலது கருவிழி. கண்களின் உள்முனைகள், வெளிமுனைகள் எல்லாவற்றுக்கும் முகத்தின் குறுக்கே மெல்லிய கோடு இழுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறுவது கையின் குணம். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு வரைந்தால் கோடு நேராகப் போகாது, வில்லாக வளையும். நமக்கு அது பழகிப்போனதால் கண்ணுக்குத் தெரியாது. தாளைத் திருப்பிப் பின்பக்கமாக ஜன்னல் வெளிச்சத்திலோ செல்போன் டார்ச்சின் மேலோ பிடித்துப் பாருங்கள். இடம் வலமாக மாறியதும் கோணல் பளிச்சென்று தெரியும். தெரிந்த கோணலைப் பின்பக்கத்திலேயே பென்சிலால் திருத்திவிட்டு, முன்பக்கம் வந்து அதன்படி மாற்றுங்கள். இன்னொன்று: தாள் மேஜையில் படுத்திருந்தால் அதன் மேல்பாதி நம் கண்ணுக்குத் தூரமாகி, குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நாம் அறியாமலே நெற்றியை நீட்டிவிடுவோம். பரீட்சை அட்டையை இரண்டு புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்தால் அது தீரும்.

மாறுகண்ணுக்குப் பெரும்பாலும் ஒளிப்புள்ளிதான் காரணம். ஒரே விளக்குதான் இரண்டு கண்ணிலும் தெரிகிறது. ஆகவே இடது கண்ணில் வெள்ளைப் புள்ளி கருவிழியின் இடப்பக்க மேல் மூலையில் இருந்தால், வலது கண்ணிலும் இடப்பக்க மேல் மூலைதான். கண்ணாடிப் பிம்பம் போல மூக்கைப் பார்த்தபடி எதிரெதிராகப் போட்டால் பார்வை மூக்கில் வந்து முட்டும். கருவிழி நெடுக்காக நீண்ட முட்டை வடிவம். அதன் மேல் கால்பாகம் இமைக்குள் ஒளிந்திருக்கட்டும், கீழ் விளிம்பு கீழ் இமையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கருவிழியைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தால் அந்த ஆள் பேயைப் பார்த்தவர். மேல் இமைக் கோடு உள்முனையில் மெலிந்து, வெளிப்பக்கத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தடிக்க வேண்டும். அந்தக் கனத்த இமையின் நிழல் விழுவதால்தான் கருவிழியின் மேல்பாதி கறுப்பாகவும் கீழ்ப்பாதி வெளுத்தும் வரையப்படுகிறது.

மங்காவில் கண் ஏன் இவ்வளவு பெரிது? ஜப்பானியர்களின் கண் அப்படி இல்லையே?
ஒரு வாசகர், கும்பகோணம்

ஒஸாமு தெசுகாவைத்தான் (1928–1989) முதலில் சொல்ல வேண்டும். 1952 முதல் தொடராக வந்த அவருடைய அணுசக்திச் சிறுவன் ஆட்டமின் பெரிய வட்டக் கண்கள் அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் இலக்கணமாகிவிட்டன. வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன்களை அவர் விரும்பிப் பார்த்தவர். அதோடு, அவர் வளர்ந்த ஊர் தகாரசுகா. பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் பெரிய இசை நாடகக் குழுவின் ஊர் அது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் மேடை ஒப்பனையும் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் விழிகளும் அவர் படங்களில் இறங்கியிருக்கின்றன. ஆனால் போருக்கு முன்பே, 1930களில், ஜுனிச்சி நகாஹரா சிறுமியர் பத்திரிகைகளில் அகன்ற விழிப் பெண்களை வரைந்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

எல்லா மங்காவிலும் கண் பெரிதும் இல்லை. பெரியவர்களுக்கான கதைகளில் கண் நிஜ அளவுக்கு மிக அருகில் இருக்கும்.

நான் வரையும் எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள். முடியை மாற்றினால்தான் வித்தியாசம் தெரிகிறது. பாட்டிகூடப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருக்கிறார்.
ஒரு வாசகி, மட்டக்களப்பு

முடி, உடை, கண்ணாடி இவற்றை மாற்றுவதற்கு முன்னால் மோவாயை மாற்றுங்கள். மேலே சொன்ன 6 செ.மீ. வட்டத்தையே வைத்துக்கொள்வோம். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு வட்டத்துக்குக் கீழே 1 செ.மீ. போதும். பதின்வயதினருக்கு 2 செ.மீ. வளர்ந்த ஆணுக்கு 2.5 முதல் 2.8 செ.மீ. வரை இறக்கலாம். மண்டை சீக்கிரமே வளர்ந்துவிடுகிறது, தாடைதான் வருடக்கணக்காக நிதானமாக வளர்கிறது. அதனால் வயதைக் காட்டும் இடம் முகத்தின் கீழ்ப்பாதி.

கண் அதற்கு எதிர்த்திசையில் போகும். குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் உயரமாக. வளர்ந்த ஆணுக்கு 15 மி.மீ. உயரத்தை 8 ஆக்குங்கள், அகலத்தை மட்டும் அப்படியே விடுங்கள். மூக்கு நீளும், கழுத்து தாடையளவுக்குத் தடிக்கும், புருவம் இமைக்கு நெருங்கி வரும்.

பாட்டிக்குச் சுருக்கங்களை அள்ளித் தெளிக்காதீர்கள். மேல் இமை வெளிமுனையில் தளர்ந்து கண்ணை மூடப் பார்க்கட்டும். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு ஒரே ஒரு மடிப்பு, மேல் உதடு மெலியட்டும், காது மடல் ஒரு 3 மி.மீ. நீளட்டும், கன்ன எலும்புக்குக் கீழே சிறு பள்ளம் விழட்டும். இவ்வளவு செய்தால் நெற்றியில் ஒரு கோடுகூட இல்லாமல் வயது தெரிந்துவிடும்.

ஒரே வயதுக்காரர்களைப் பிரித்துக் காட்ட, கண்ணின் வெளிமுனையை ஏற்றுவதும் இறக்குவதும் ஜப்பானில் பழைய வழக்கம். வெளிமுனை ஏறியிருந்தால் 'த்சுரிமே', விறைப்பான ஆள். இறங்கியிருந்தால் 'தாரேமே', இளகிய ஆள். 2 மி.மீ. ஏற்ற இறக்கமே குணத்தை மாற்றிவிடும்.

நேராகப் பார்க்கும் முகம் வந்துவிட்டது. முக்கால் பக்கம் திரும்பினால் எல்லாம் கெட்டுப்போகிறது. பக்கவாட்டு முகத்தில் தலை சின்னதாகிவிடுகிறது.
பிளஸ் டூ மாணவர், விழுப்புரம்

ஒரு முட்டையை அவித்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் நெடுக்காக ஒரு கோடும் அகலமான இடத்தில் சுற்றிலும் ஒரு கோடும் போட்டு, குறுகிய முனை கீழே வரும்படி விரல்களில் பிடித்துத் திருப்புங்கள். நெடுக்குக் கோடு ஓரத்துக்கு நகரும்போது நேராக நகர்வதில்லை, வளைந்துகொண்டே நகர்கிறது. மேலே நிமிர்த்தினால் சுற்றுக் கோட்டின் நடு மேலே வளைகிறது, குனித்தால் கீழே தொங்குகிறது. கண் கோடும் அப்படியே வளைய வேண்டும். காது அதற்கு நேர்மாறு: நிமிர்ந்த முகத்தில் காது கண்ணைவிடக் கீழே இறங்கும், குனிந்த முகத்தில் மேலே ஏறும். கண்ணை மட்டும் வளைத்துவிட்டுக் காதைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவதால்தான் நிமிர்ந்த முகம் நிமிர்ந்ததாகத் தெரிவதில்லை.

முக்கால் பக்கத்தில் நடுக்கோடு முகத்தை ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் பிரிக்கட்டும். தூரத்துக் கண்ணின் உயரம் அதேதான், அகலம் மட்டும் பக்கத்துக் கண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. தூரத்து விளிம்பைத்தான் மிகவும் கவனமாகப் போட வேண்டும். நெற்றியிலிருந்து இறங்கும் கோடு கண்குழியில் உள்வாங்கி, கன்ன எலும்பில் வெளியே பிதுங்கி, பிறகு மோவாய்க்குச் சரியும். இந்தப் பள்ளமும் மேடும் இல்லாமல் வழுவழுவென்று இழுத்தால் முகம் பலூன். கண்ணாடி முன் நின்று முகத்தைத் திருப்பி, கடைக்கண்ணால் அந்த விளிம்பைப் பார்த்தால் நம் முகத்திலேயே தெரியும்.

பக்கவாட்டில் தலை சிறுப்பதற்குக் காரணம் பின்மண்டையை வெட்டிவிடுவது. முகம்தான் முக்கியம் என்று மனசு நினைக்கிறது, பின்பக்கத்தைச் சுருக்கிவிடுகிறது. உண்மையில் பக்கவாட்டில் தலையின் ஆழம் உயரத்தில் எட்டில் ஏழு பங்கு. 8 செ.மீ. தலைக்கு 7 செ.மீ. அதாவது வட்டத்துக்குப் பின்னால் இன்னும் 1 செ.மீ. கூட்ட வேண்டும். காது தலையின் நட்டநடுக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் உட்காரும். கண் முகத்தின் முன்விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே, நேர்முகக் கண்ணின் பாதி அகலத்தில், முக்கோணச் சில்லு போல. கழுத்து கம்பம் மாதிரி நேராக நிற்காது, முதுகிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து வந்து மண்டையைத் தாங்கும்.

முடி தொப்பி மாதிரி வருகிறது.
ஒரு வாசகர், சேலம்

மண்டையின் விளிம்பிலேயே முடியின் விளிம்பையும் போட்டிருப்பீர்கள். முடிக்குக் கனம் உண்டு. 8 செ.மீ. தலைக்கு உச்சியில் குறைந்தது 5 மி.மீ. மேலே எழும்ப வேண்டும், அடர்ந்த முடியானால் 8 மி.மீ.

முடி எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சுழியிலிருந்து வருகிறது. நம் வீடுகளில் குழந்தைக்கு ஒற்றைச் சுழியா இரட்டைச் சுழியா என்று பார்ப்பார்களே, அதே சுழி. ஜப்பானியர் அதை 'த்சுமுஜி' என்பார்கள், மங்கா ஓவியர் முடி வரைய முதலில் குறிக்கும் புள்ளி அதுதான். முதலில் மொட்டைத் தலையை வரைந்து சுழியையும், வகிடு இருந்தால் வகிட்டையும், முன்நெற்றியில் முடி தொடங்கும் கோட்டையும் குறியுங்கள். அந்தக் கோடு வட்டத்தின் உச்சியிலிருந்து 12 மி.மீ. கீழே இருக்கும். அதன் பிறகு முன்முடி, பக்கமுடி, பின்முடி என்று மூன்று பொதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாலைந்து கற்றைகளாக்குங்கள். ஒவ்வொரு கற்றையும் சுழியிலிருந்தோ வகிட்டிலிருந்தோ கிளம்பி, மண்டையின் வளைவில் ஏறி, பிறகு விழ வேண்டும். நெற்றியில் திடீரென்று முளைக்கக் கூடாது. கற்றைகளின் நுனி ஒரே அளவில் நின்றால் சீப்புப் பற்களாகிவிடும். ஒன்று அகலமாக, பக்கத்தில் ஒன்று ஒல்லியாக, ஒன்று மற்றதன் மேல் ஏறி இருக்கட்டும்.

கறுப்பு முடியில் வளையமாக ஒரு பளபளப்பு விடுவார்கள். 'தேவதை வளையம்' என்பது அதற்கு ஜப்பானில் உள்ள பெயர். அதை ஸ்கேல் வைத்தது போல நேராக விட்டால் தலை தட்டையாகிவிடும். மண்டையின் உருண்டையோடு வளைந்து, கற்றைக்குக் கற்றை விட்டுவிட்டு வர வேண்டும்.

கோபம், அழுகை, வெட்கம் எதை வரைந்தாலும் முகம் மரக்கட்டையாக இருக்கிறது. வாயை மட்டும் மாற்றினால் போதாதா?
ஒரு வாசகி, கோவை

போதாது. ஜப்பானியக் குழந்தைகள் ஹிரகானா எழுத்துகள் ஏழை வைத்தே ஒரு முகம் வரைவார்கள். 'ஹெ-நோ-ஹெ-நோ-மோ-ஹெ-ஜி' என்று சொல்லிக்கொண்டே இரண்டு 'ஹெ' புருவம், இரண்டு 'நோ' கண், 'மோ' மூக்கு, இன்னொரு 'ஹெ' வாய், 'ஜி' முகத்தின் சுற்றுக்கோடு. 'ஹெ' என்பது ஒரு சின்னக் கூரை மாதிரியான எழுத்து. அந்த முகத்தை வரைந்துவிட்டு, வாயைத் தொடாமல் புருவக் கூரைகளை மட்டும் மூக்குப் பக்கம் சாய்த்துப் பாருங்கள், கோபம் வரும். வெளிப்பக்கம் சாய்த்தால் அழுகை. புருவம்தான் முதலில் பேசும். கோபத்தில் அது இமையை அழுத்தி, மேல் இமைக் கோட்டையே நேராக்கிவிடும். இமையை மாற்றாமல் புருவத்தை மட்டும் சாய்ப்பதால்தான் மரக்கட்டை. வாய் பெரிதாகத் திறந்தால் மோவாயும் கீழே இறங்க வேண்டும், 8 செ.மீ. தலைக்கு 3 அல்லது 4 மி.மீ.

செல்போனில் ஆப் வைத்து வரையலாமா?
ஒரு வாசகர், கோலாலம்பூர்

தாராளமாக. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்கும் பொத்தானை அடிக்கடி தட்டுங்கள், ஜன்னல் வெளிச்ச வேலையை அது செய்துவிடும். ஒரு பாதி வரைந்தால் மறுபாதி தானே வரும் சமச்சீர் வசதியை மட்டும் அதாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகம் முழுக்க அதிலேயே வரைந்து பழகியவர்களால் முக்கால் பக்க முகம் போட முடிவதில்லை.

மையில் தொட்டு வரையும் ஜி-பேனா முனை வாங்கினேன். மை ஊறிப் பரவுகிறது, இல்லாவிட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?
ஒரு வாசகர், சென்னை

முனைமேல் குற்றமில்லை. புது முனையில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும், மை உருள்வது அதனால். டிஷ்யூவில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மை ஒட்டும். பரவுவது தாளினால். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தான், நார்களுக்குள் மை ஓடிவிடும். 150 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட வழவழப்பான தாள் வாங்குங்கள். சொரசொரப்பான டிராயிங் தாள் கனமாக இருந்தாலும் ஆகாது, முனையின் பிளவில் நார் சிக்கி மை தெறிக்கும்.

ஜி-முனை அழுத்தத்துக்கு விரியும். தாடைக் கோட்டுக்கும் முடியின் வெளிக்கோட்டுக்கும் அதுதான். இமைமுடி, கருவிழி, முடிக்குள் ஓடும் நுண்ணிய கோடுகள் இவற்றுக்கு மெல்லிய மாரு-முனை. ஒரே சீரான கோடு வேண்டுமென்றால் கபுரா-முனை, முதலில் பழக அதுவே எளிது. எந்த முனையானாலும் நம் பக்கமாக இழுத்துத்தான் போட வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் குத்தி நிற்கும். தாடையின் வளைவுக்குக் கையைத் திருகாதீர்கள், தாளைச் சுற்றுங்கள். பென்சிலை அழுத்தி வரைந்திருந்தால் தாளில் பள்ளம் விழுந்து மை அதில் வழிந்தோடும், முதல் பதிலில் அழுத்தாமல் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இந்தியன் இங்க்கை மைப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் அரக்கு இருப்பதால் காய்ந்து பேனாவை அடைத்துவிடும். வரைந்து முடித்ததும் முனையைத் தண்ணீரில் அலசித் துணியால் துடையுங்கள். ரப்பர் போடுவதற்கு முன், கறுப்பு அடர்ந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.